நாற்பது நிமிஷத் தயிர்

தள்ளி உட்கார வேண்டாம் தம்பி. இது ஒட்டுற வியாதி இல்லை. முகம் சிவந்து தோல் உரிஞ்சிருக்கு, அவ்வளவுதான். நீங்க ஒரு ஜாண் நகர்ந்தா, அதைப் பார்த்து அந்தப் பக்கம் இருக்கிறவர் ரெண்டு ஜாண் நகருவார். மனுஷனுக்குச் சங்கடமா இருக்காதா? இப்படி வாங்க. பெஞ்சு எல்லாருக்கும் பொதுதானே.

டோக்கன் எத்தனை? நாற்பத்தேழா? எனக்கு முப்பத்தொன்பது. இப்பதான் இருபத்தாறு உள்ளே போயிருக்கு. தோல் டாக்டர்கிட்ட ஒரு ஆள் போனா வெளியே வர நேரமாகும். என் சீட்டுல ஏதோ முத்திரை விட்டுப்போச்சுன்னு வீட்டுக்காரி பதிவு பண்ற இடத்துக்குப் போயிருக்கிறாள். வந்துடுவாள். எனக்கு இடது கண் திறக்கலை, வலது கண் பாதிதான் திறக்குது. அந்தப் பாதியிலயும் நல்லாத் தெரியுது தம்பி, இந்த வெக்கையில நீங்க சட்டை பொத்தானைக் கழுத்து வரைக்கும் போட்டிருக்கீங்க. கழுத்துலதானா? வெள்ளையா? காட்ட வேண்டாம், காட்ட வேண்டாம். நான் கேட்கலை.

ஆனா ஒண்ணு சொல்றேன். ஆரம்பத்துலயே என்கிட்ட வந்திருந்தா தயிர்லயே முடிச்சிருப்பேன்.

சிரிக்காதீங்க. பால் சொசைட்டியில இருபத்தேழு வருஷம் டெஸ்டரா இருந்தவன் நான். கேன் மூடியைத் திறந்ததும் மூக்கு சொல்லிடும், தேறுமா தேறாதான்னு. தேறாத பாலை அந்த நிமிஷமே திருப்பி அனுப்பிடுவேன். முகதாட்சண்யம் பார்க்கிறதே கிடையாது. என் மாமனார் பாலையே ஒரு தடவை திருப்பி அனுப்பியிருக்கேன். ஒரு வருஷம் பேசலை அவர். அப்புறம் அவரே, "டெஸ்டர்னா என் மருமகன் மாதிரி இருக்கணும்"னு ஊர்ல சொல்லிட்டுத் திரிஞ்சார். சொன்னதா என் வீட்டுக்காரி சொன்னாள்.

அந்த வேலையில ஒரு தடவை மதுரையில ரெண்டு நாள் பயிற்சி. ஒரு டாக்டரம்மா வந்து பாடம் எடுத்தாங்க. ஒரு கரண்டித் தயிர்ல இருக்கிற உயிரை எண்ண இந்த ஊர் ஜனம் பத்தாதுன்னாங்க. அத்தனையும் நல்ல கிருமி. புரோபயாட்டிக்குன்னு பேர். குடல்ல போய் உட்கார்ந்து கெட்ட கிருமியை அண்ட விடாதாம். நான் கை தூக்கிக் கேட்டேன், "தோலுக்கும் நல்லதாம்மா?" அந்தம்மா கொஞ்சம் யோசிச்சு, "தயிர்ல இருக்கிற அமிலம் தோலைக் கொஞ்சம் மிருதுவாக்கும், மத்ததெல்லாம் இன்னும் ஆராய்ச்சியிலதான் இருக்கு"ன்னாங்க. எனக்கு அது போதும். வயிறுங்கிறது என்ன? உள்பக்கமா மடிச்சு வெச்ச தோல்தானே தம்பி? உள்ளே வேலை செய்யறது வெளியே செய்யாதா? ஆராய்ச்சியை நானே பண்ணிக்கிட்டேன்.

வீட்டுக்காரி பேர் திலகவதி. ரெண்டு வருஷத்துக்கு முன்னால அவளுக்கு மோதிர விரல்ல வெள்ளையா ஒரு பொட்டு, அரிசி அளவுக்கு. சுண்ணாம்புன்னு நினைச்சுத் தேய்ச்சுக் கழுவினாள். போகலை. ஒரே வருஷத்துல ரெண்டு கையும் மணிக்கட்டு வரைக்கும் திட்டுத்திட்டா வெளுத்துப்போச்சு. இதே ஆஸ்பத்திரிக்குத்தான் கூட்டிட்டு வந்தேன். "தோல்ல நிறம் போகுது, அவ்வளவுதாம்மா. வலிக்காது, யாருக்கும் ஒட்டாது. மருந்து தர்றேன், மெதுவாத்தான் கேட்கும், சிலருக்குக் கேட்காது. அதுக்காக வீட்டுக்குள்ள முடங்கிடாதீங்க"ன்னு டாக்டர் சொன்னார். இவள் "அவ்வளவுதானே சார்"னு எழுந்து வந்தாள். வந்தவள் வாசல்ல வெள்ளரிப்பிஞ்சு வாங்கி, உப்பும் மிளகாய்த்தூளும் தொட்டுத் தின்னாள். எனக்கு ஒரு துண்டு இறங்கலை. யாருக்கு வந்திருக்குன்னு பார்க்கிறவனுக்குக் குழப்பமா இருந்திருக்கும்.

ஆனா நான் அவளை ஒரு வார்த்தை சொன்னதில்லை தம்பி. ஊர்ல எத்தனை பேர் இதுக்காகப் பொண்டாட்டியை ஒதுக்கி வெச்சிருக்கிறான்! நான் அந்த ரகம் இல்லை. வீட்டுக்கு யாராவது வந்தா, "நீ உள்ளேயே இரு, நானே கொண்டு போறேன்"னு காபித் தட்டை வாங்கிக்கிட்டு வருவேன். எந்த ஆம்பளை செய்வான்? கோயில்ல விளக்குப் பூஜைக்குப் பேர் கொடுத்திருந்தாள். அத்தனை பேர் பக்கத்துல உட்கார்ந்து இவள் எதுக்குக் கஷ்டப்படணும்னு நானே போய்ப் பேரை எடுக்கச் சொல்லிட்டு வந்தேன். முழுக்கை ஜாக்கெட் நாலு தைக்கக் கொடுத்தேன். அளவு ஜாக்கெட்டை அவளுக்குத் தெரியாம எடுத்துட்டுப் போய்க் கொடுத்தேன். அவ்வளவு பார்த்துப் பார்த்துச் செஞ்சேன்.

நம்ம வருத்தம் அது இல்லை. வருத்தம் கல்யாணத்துல வந்தது.

அவளுக்கு ஒரே தம்பி, கணேசமூர்த்தி. அவங்க அம்மா தவறினப்ப அவனுக்கு ஒன்பது வயசு. எங்க வீட்டுக்கு வந்தவன்தான். இவள்தான் தலை சீவிப் பள்ளிக்கூடம் அனுப்பினாள், அம்மை போட்டப்ப இவள்தான் பக்கத்துல படுத்திருந்தாள். முப்பத்தாறு வயசு வரைக்கும் பொண்ணு அமையாம, போன ஆனியில அமைஞ்சது. பொண்ணு பேர் ஹேமப்பிரியா. அப்பா தலைமை ஆசிரியரா இருந்து ஓய்வு பெற்றவர். நல்ல இடம். தையில கல்யாணம்னு பேசி முடிச்சாங்க.

எங்க பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரியுமோ என்னவோ. தாலியில முதல் முடிச்சுதான் மாப்பிள்ளை போடுவான். மீதி ரெண்டையும் மாப்பிள்ளையோட அக்காவோ தங்கச்சியோ பின்னால நின்னு போடணும். நிச்சயம் முடிஞ்ச அன்னிக்கே திலகவதி சொல்லிட்டாள், "ரெண்டு முடிச்சு எனக்கு." அதுக்கப்புறம் அவள் பேச்செல்லாம் அதுதான். அந்த நேரத்துல எந்தச் சேலை, எப்படி நிக்கணும், பொண்ணோட பின்னலை எந்தப் பக்கம் ஒதுக்கணும்.

எனக்கு அன்னிக்கு ராத்திரி தூக்கம் இல்லை. முகூர்த்த நேரத்துல ஊர் முழுக்க எதைப் பார்க்கும்? கையை. வீடியோக்காரன் எதைக் கிட்டக்க வெச்சு எடுப்பான்? கையை. அந்தக் கை எப்படி இருக்கு? சரி, ஏழு மாசம் இருக்கு, தயிர் இருக்கு, நான் இருக்கேன்னு எழுந்து உட்கார்ந்தேன்.

மறுநாளே ஆரம்பிச்சாச்சு. பசும்பால், நானே பார்த்து வாங்கினது. எட்டு மணி நேரம் உறைஞ்சிருக்கணும், புளிச்சிருக்கக் கூடாது. காலையில ஆறேகாலுக்கு ஆரம்பிச்சா ஆறு ஐம்பத்தஞ்சு வரைக்கும். இருபது நிமிஷம் கிருமி இறங்க, இருபது நிமிஷம் அது வேலை செய்ய. எந்தப் புத்தகத்துலயும் தேடாதீங்க, இது என் கணக்கு.

அவள் முதல்ல வேண்டாம்னாள். "டாக்டர் கொடுத்த மருந்து இருக்குதே"ன்னாள். "அதுபாட்டுக்கு அது, இதுபாட்டுக்கு இது"ன்னேன். அப்புறம் என்ன நினைச்சாளோ, கையை நீட்டிட்டாள்.

முன்னேற்றத்தை அளக்காம எதையும் பண்ணக் கூடாது, அது தொழில் புத்தி. பெயிண்ட் கடையில போய் நிற அட்டை ஒண்ணு வாங்கிட்டு வந்தேன். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அவள் கை மேல அட்டையை வெச்சுப் பார்ப்பேன். ஆனியில தந்த வெள்ளை. புரட்டாசியில சந்தன வெள்ளை. ஐப்பசியில பாதாம் பால். ரெண்டு கட்டம் இறங்கியிருக்கு தம்பி! சந்தோஷமா அவள்கிட்டக் காட்டினேன். அட்டையை வாங்கித் திருப்பிப் பார்த்தாள். "இதை எங்க வெச்சிருக்கீங்க?"ன்னாள். ஜன்னல்லன்னேன். "வெயில்ல அட்டைதான் வெளுத்திருக்கு"ன்னு கொடுத்துட்டுப் போயிட்டாள். அவளுக்கு எதையும் நம்பத் தெரியாது.

மார்கழி வந்துச்சு. நிறம் வரலை. இல்லை, உள்ளே வந்திருக்கும், வெளியே தெரியலை. இன்னும் மூணு மாசம் கிடைச்சிருந்தா வந்திருக்கும். கல்யாணத்தைத் தள்ளி வைக்க முடியுமா? அதனால ஒரு நாள் அவள் கடைக்குப் போன நேரம் பார்த்துக் கணேசமூர்த்திக்குப் போன் பண்ணினேன்.

"மாப்பிள்ளை, முடிச்சுப் போட உன் சித்தப்பா மக கனகவல்லியை நிக்கச் சொல்லிடு. அவளும் உனக்கு அக்காதானே?"



"அக்கா சொல்லிச்சா அத்தான்?"ன்னான்.

"அக்காவுக்கு எது நல்லதுன்னு எனக்குத் தெரியாதா?"ன்னேன்.

"சரி அத்தான்"னான். வளர்த்த பிள்ளை, எதிர்த்துப் பேச மாட்டான். கனகவல்லிகிட்டயும் நானே சொல்லிட்டேன். அவள், "எதுக்கு அத்தான்? அக்கா கைக்கு என்ன, சோறு ஆக்கலையா, துணி துவைக்கலையா?"ன்னாள். "சொன்னதைச் செய்"னேன்.

திலகவதிகிட்ட எப்படிச் சொல்றது? சொன்னா மனசு புண்படும். அவள் மனசு புண்படக் கூடாதுன்னுதான் சொல்லாமலே விட்டேன்.

இப்ப கேளுங்க. முகூர்த்தம் ஒன்பதுலயிருந்து பத்தரை. தாலி ஒன்பதேகால் சுமாருக்கு. நான் அவள்கிட்டப் பத்து மணிக்கு மேலன்னு சொல்லி வெச்சிருந்தேன். அது பொய் இல்லை தம்பி, பத்து மணியும் முகூர்த்தத்துக்குள்ளதானே வருது? எட்டு ஐம்பதுக்கு மண்டபத்து மாடி அறையில அவளை உட்கார வெச்சேன். வீட்லயிருந்தே தூக்குச் சட்டியில தயிர் கொண்டு போயிருந்தேன். "இன்னிக்குக் கடைசி நாள், இதை விட்டா ஏழு மாசம் பட்ட பாடு வீண்"னு சொல்லி ரெண்டு கையிலயும் கெட்டியாப் பூசிவிட்டேன். "நாற்பது நிமிஷம் அசையாதே. ஒன்பதரைக்கு நானே வந்து கழுவி விடுறேன்"னேன். பட்டுச் சேலையில தயிர் படாம மடியில ஒரு துண்டை விரிச்சுக் கையை அதுமேல வெச்சுக்கிட்டு உட்கார்ந்தாள். நான் கதவைச் சாத்திட்டு வந்தேன். பூட்டலை. நான் அப்படிப்பட்டவன் இல்லை.

கீழே வந்து பொண்ணு வீட்டுக்காரங்க பக்கத்துல நின்னேன். கனகவல்லி பொண்ணுக்குப் பின்னால நிக்கிறாள். தாலித் தட்டு சபையைச் சுத்தி வந்தது. அய்யர், கெட்டி மேளம்னு கையைத் தூக்கினார். மேளம் பிடிச்சது. அட்சதை விழுது. கணேசமூர்த்தி ஒரு முடிச்சுப் போட்டான். கனகவல்லி குனிஞ்சு கையை நீட்டினாள்.

இவன் நூலை விடலை.

ரெண்டு கையாலயும் ரெண்டு நுனியையும் பிடிச்சுக்கிட்டு அப்படியே நிக்கிறான். "அக்கா எங்க?"ங்கிறான். அய்யர், "விடுப்பா, அவங்க போடட்டும்"கிறார். "எங்க அக்கா வரட்டும்"கிறான். மேளத்தை நிறுத்த முடியுமா? முடிச்சு முடியற வரைக்கும் நிறுத்தக் கூடாது. நாதஸ்வரக்காரருக்குக் கழுத்து நரம்பு புடைச்சுப்போச்சு. தவில்காரர் வாசிச்சுக்கிட்டே என்னைப் பார்த்தார். ஏன் என்னைப் பார்த்தார்னு இன்னிக்கு வரைக்கும் புரியலை. அட்சதை தீர்ந்துபோய் ஜனங்க வெறுங்கையோட நிக்கிறாங்க. பொண்ணு குனிஞ்ச தலை நிமிரலை, கழுத்து வலிச்சிருக்கும் பாவம்.

மேல இருக்கிறவளுக்குக் கெட்டி மேளம் கேட்காதா? ஒரு நிமிஷத்துல ஓயற மேளம் ஓயவே இல்லைன்னா என்னன்னு நினைப்பாள்? மாடிப்படியில இறங்கி வர்றாள் தம்பி. முழுக்கை ஜாக்கெட்டை முழங்கை வரைக்கும் சுருட்டிவிட்டு, ரெண்டு கையையும் நெஞ்சுக்கு நேரே தூக்கிப் பிடிச்சுக்கிட்டு. தயிர் சொட்டுது. கூட்டம் அப்படியே ரெண்டாப் பிரிஞ்சு வழி விடுது. யாரோ ஒருத்தர், "என்னய்யா, அதுக்குள்ள தயிர் வருது, பந்தி முடியப் போகுதா?"ன்னார். சிரிப்பு வேற.

நான் மேடைப் படிகிட்ட நிக்கிறேன். மெதுவாச் சொன்னேன், "திலகம், இன்னும் பத்து நிமிஷம் இருக்கு."

என் தோள்ல புதுப் பட்டு அங்கவஸ்திரம், மடிப்புக் கலையாதது. அதுல ரெண்டு கையையும் துடைச்சாள். ஒவ்வொரு விரலா, நிதானமா, இடுக்கு விடாம. மேளம் அடிச்சுக்கிட்டே இருக்கு. துடைச்சு முடிச்சு மேடை ஏறினாள். "வாக்கா"ன்னு கனகவல்லி ஒதுங்கிட்டாள், எதுக்கோ காத்துக்கிட்டிருந்த மாதிரி. கணேசமூர்த்தி, "சீக்கிரம்க்கா, கை மரத்துப்போச்சு"ன்னான். ரெண்டு முடிச்சு. இறுக்கிப் போட்டாள்.

எவ்வளவு துடைச்சாலும் நகத்துல இருக்காதா? அந்தப் பொண்ணு கழுத்துல, பின்னலுக்குக் கீழே, ஒரு விரல் அகலத்துக்குத் தயிர். ஆல்பம் வந்திருக்கு, பக்கம் முழுக்க அந்தப் படம்தான். வெள்ளைக் கை, வெள்ளைத் தயிர், மஞ்சள் கயிறு. ஊர்ல யாராவது ஏதாவது சொன்னாங்களான்னு ஒவ்வொருத்தர் முகமாப் பார்த்தேன். யாரும் ஒண்ணும் சொல்லலை. நாகரிகம் தெரிஞ்ச ஜனம், உள்ளுக்குள்ள வெச்சுக்கிட்டாங்க.

பத்து நிமிஷம் தம்பி. அந்தப் பத்து நிமிஷம் பொறுத்திருந்தா இந்தக் கூத்து உண்டா? அதைத்தான் சாப்பாடு முடிஞ்சு அவள்கிட்டக் கேட்டேன். என்னை நேராப் பார்த்து, "நான் என்ன கெட்டுப்போன பால் கேனா, மூடியைத் திறந்து பார்த்துத் திருப்பி அனுப்புறதுக்கு?"ன்னாள். அவ்வளவுதான். வேற சண்டை இல்லை, அழுகை இல்லை. போன் பண்ணினதை அவள் தம்பி சொல்லியிருப்பான்.

மறுநாள் ஆறேகாலுக்கு வழக்கம்போலக் கிண்ணத்தோட போனேன். வாங்கினாள். பழைய சோத்துல ஊத்திப் பிசைஞ்சு, மோர்மிளகாய் கடிச்சுக்கிட்டு என் முன்னாலயே சாப்பிட்டாள். "இதுக்குத்தான் இது"ன்னாள். முழுக்கை ஜாக்கெட் நாலும் இப்பக் கரித்துணி. புதுப் பொண்ணும் மாப்பிள்ளையும் விருந்துக்கு வந்தப்ப நான் தட்டைத் தூக்க எழுந்தேன். அதுக்குள்ள அவளே காபியைக் கொண்டு போய்க் கொடுத்துட்டாள். அந்தப் பொண்ணு சொல்லுது, "மதினி, அந்தப் புழுக்கத்துல உங்க கை பட்டதும் சில்லுன்னு இருந்துச்சு. அப்பதான் எனக்குப் பயமே போச்சு." பார்த்தீங்களா? தயிரோட குணம்! நான் சொன்னா நம்ப மாட்டாங்க.

கல்யாணம் முடிஞ்சு மூணு மாசமாகுது. பேசாம இருக்கிறாள்னு சொல்ல முடியாது. பேசுறாள், சமைக்கிறாள், ஊருக்குப் போறாள், இந்தத் தடவை விளக்குப் பூஜையிலயும் உட்கார்ந்தாள். காலையில அந்த ஆறேகால் மணிதான் எனக்கு என்ன செய்யறதுன்னு தெரியலை. கல்யாணமாகி முப்பத்தோரு வருஷத்துல அவள் சும்மா உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை தம்பி. அந்த ஏழு மாசம்தான் உட்கார்ந்தாள். ரெண்டு கையிலயும் தயிர், எழுந்திருக்க முடியாது. தயிர் வழியாம இருக்க மணிக்கட்டை நான் பிடிச்சுக்கணும். மூக்கு அரிக்குதுன்னா நான்தான் சொறிஞ்சு விடணும். காபியை நான்தான் வாயில வைக்கணும். ஏதாவது பேசிக்கிட்டே இருப்பாள். சின்ன வயசுல கிணத்துல குதிச்சதெல்லாம் சொன்னாள். எனக்கு அவள் நீச்சல் அடிப்பாள்னே தெரியாது. இப்ப அந்த நேரத்துல கிண்ணத்தைக் கழுவி வெச்சுட்டுப் பேப்பர்க்காரன் வர்றானான்னு பார்த்துக்கிட்டு நிக்கிறேன். வைத்தியம் பாதியில நின்னா யாருக்குமே மனசு ஆறாது இல்லையா? அந்த வருத்தம்தான்.

முகமா? அது வேற ஒண்ணுமில்லை. நம்பாதவளுக்கு நிரூபிச்சுக் காட்டலாம்னு என் கன்னத்துல இருக்கிற வயசுப் புள்ளிக்கு நானே போட்டுக்கிட்டேன். வேகமாப் பலிக்கட்டும்னு அஞ்சாறு எலுமிச்சம்பழம் பிழிஞ்சு விட்டு, மொட்டைமாடியில உச்சி வெயில்ல உட்கார்ந்தேன். மூணு நாள். கொப்புளம் கிளம்பிருச்சு. எலுமிச்சை சரியில்லை, அல்லது இப்ப வர்ற பால் சரியில்லை. தயிர் மேல குத்தம் சொல்ல முடியாது. "ஆட்டோவுல ஏறுங்க"ன்னாள். "நல்ல கிருமி வேலை செய்யுது, பொறு"ன்னேன். "நல்லா செய்யுது. ஏறுங்க"ன்னாள்.

அதோ வர்றாள் பாருங்க. கையில சீட்டு. அரைக்கை ஜாக்கெட்தான், வெளியே வரும்போதுகூட. திலகம், இந்தத் தம்பிக்கும் கழுத்துல ஆரம்பிச்சிருக்காம், தயிர் விஷயத்தைத்தான் சொல்லிக்கிட்டு… இல்லை, இல்லை, ஒண்ணும் சொல்லலை. என்ன சொல்றாள் கேட்டீங்களா? "தம்பி, மேல் பொத்தானைக் கழட்டி விடுங்க, காத்தோட்டமா இருக்கும், ஒண்ணும் ஆகாது"ங்கிறாள். அவள் பேச்சைக் கேட்காதீங்க, அவளுக்கு எல்லாமே ஒண்ணும் ஆகாதுதான்.

என்னது? முப்பத்தொன்பதா கூப்பிட்டாங்க? நடுவுல யாரும் வரலையா? ரத்தினவேலு நான்தாம்மா, வர்றேன், வர்றேன். கண்ணுல எல்லாம் மங்கலாத் தெரியுது. வேண்டாம் திலகம், நானே வர்றேன். கூட்டத்துல என்னத்துக்குக் கையைப் பிடிச்சுக்கிட்டு? விடு. சொல்றேன்ல?

பார்த்தீங்களா தம்பி, வராந்தாவே திரும்பிப் பார்க்குது. எல்லாரும் அவள் கையைத்தான் பார்க்கிறாங்க. அந்தக் கைக்குழந்தைகூட அம்மா தோள்ல முகத்தைப் புதைச்சுக்கிட்டு, நடுநடுவுல நிமிர்ந்து என் பக்கம் பார்த்துட்டு வீறிட்டு அழுவுது. இதுக்குத்தான் ஏழு மாசம் பாடுபட்டேன். விடுன்னா இன்னும் இறுக்கிப் பிடிக்கிறாள்.

நானும் விடலை. வாசற்படி தெரியலை, அதுக்காகத்தான்.